மேல் இமைக் கட்டி மறுபடியும் அதே இடத்தில்: கண்கட்டிதானா?

செபராங்_பையன் | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். நாங்கள் பட்டர்வொர்த் பக்கம். அம்மாவுக்கு வயது 66. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். வலது மேல் இமையில் ஒரு கட்டி. வலி இல்லை. போன வருடம் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் கண்கட்டி என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். அடங்கவில்லை. அப்புறம் ஒரு தனியார் கண் கிளினிக்கில் கீறி எடுத்தோம். தைப்பூசத்துக்குள் அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. போய்க் காட்டினால், "கலேசியன் (இமையில் வலியில்லாமல் வருகிற உருண்டைக் கட்டி) சிலருக்குத் திரும்ப வரும், இன்னொரு தடவை சுரண்டிவிடலாம்" என்கிறார்கள். முதல் தடவை எடுத்ததை லேப்புக்கு அனுப்பினீர்களா என்று கேட்டேன். தேவைப்படவில்லையாம்.

கட்டி இருக்கிற இடத்தில் இமை மயிர் உதிர்ந்து வெறுமையாகத் தெரிகிறது. அந்தக் கண் மட்டும் அடிக்கடி சிவக்கிறது. அப்பாவைக் கேட்டால், "எல்லாம் உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போய்விடும்" என்கிறார். மறுபடி சுரண்டலாமா, இல்லை வேறு இடத்தில் காட்டலாமா?

ஆயர்ஈத்தாம்_அக்கா | செவ்வாய், இரவு 9.40

தம்பி, ரொம்பப் பயப்படாதே. எங்கள் பாட்டி நாமக்கட்டியை உரசிப் பற்றுப் போடுவார், இரண்டு மூன்று நாளில் அமுங்கிவிடும். ஆள்காட்டி விரலை உள்ளங்கையில் தேய்த்து, அந்தச் சூட்டோடு கட்டி மேல் வைத்தாலும் கேட்கும். என் நாத்தனார் கோடாரித் தைலத்தைச் சுற்றித் தடவுவாள். அம்மாவுக்கும் செய்து பார்.

மெய்யாலுமா | செவ்வாய், இரவு 9.58

கண்ணுக்குப் பக்கத்தில் கோடாரித் தைலமா? அக்கா, கட்டி போகும், கூடவே கண்ணும் போகும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_கண்ணாடி | செவ்வாய், இரவு 10.25

நான் கோலாலம்பூரில் கண் பரிசோதகராக இருக்கிறேன். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் கண்ணாடி போட வருகிறவர்களின் இமையைத் தினமும் பக்கத்தில் பார்க்கிறேன்.

உங்கள் பதிவில் என்னை நிறுத்தியது இமை மயிர் உதிர்ந்த சங்கதிதான். கலேசியன் சும்மா உருண்டையாக நிற்கும், அதன் மேல் இருக்கிற மயிர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மயிர்க்கால்களையே ஏதோ ஒன்று அழித்துக்கொண்டு போகிறது என்றால் அதைச் சாதாரணக் கட்டி என்று விட்டுவிடக் கூடாது. சில விவரம் சொல்லுங்கள். இமையின் விளிம்பு பழைய வளைவோடு இருக்கிறதா, தடித்து ஒழுங்கு கெட்டிருக்கிறதா? மேல் தோல் கட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? மஞ்சள் சாயல் தெரிகிறதா? எப்போதாவது இரத்தம் கசிந்ததா?

செபராங்_பையன் | செவ்வாய், இரவு 10.51

அம்மாவை விளக்கு வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார்த்தேன். விளிம்பு அந்த இடத்தில் தடிப்பாக இருக்கிறது. லேசான மஞ்சள் நிறம். இரத்தம் இல்லை. படம் இணைத்திருக்கிறேன்.

நெறியாளர் | செவ்வாய், இரவு 11.03

முழு முகம் தெரிகிற படம் என்பதால் நீக்கிவிட்டோம். அம்மாவின் அனுமதி இருந்தாலும் பொதுவில் வேண்டாம். படத்தைப் பார்த்து "இது இன்ன நோய்" என்று யாரும் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம்.

தாதியம்மா | புதன், காலை 6.35

கோலாலம்பூரில் அரசாங்கக் கண் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இமைக் கட்டிகளை நிறையப் பார்த்தவள்.

சிவந்து, வீங்கி, தொட்டால் சுரீர் என்று வலிக்கிறதே, அது பெரும்பாலும் இமை மயிர்க்காலில் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது. ஒரு வாரம் பத்து நாளில் உடைந்து போகும். வலியில்லாமல் உருண்டையாக உள்ளே நிற்பதுதான் கலேசியன். நம் இமைக்குள் கெட்டியான ஒரு தகடு இருக்கிறது. அதற்குள் எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக நிற்கும், மேல் இமையில் முப்பது நாற்பது, கீழ் இமையில் அதைவிடக் குறைவு. மைபோமியன் சுரப்பி என்பார்கள், 1666ல் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்து எழுதியதால் அந்தப் பெயர். கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் மேலே எண்ணெய்ப் படலம் போடுவது இவற்றின் வேலை. ஒரு சுரப்பியின் வாய் அடைத்துக்கொண்டால் எண்ணெய் பக்கத்துச் சதையில் கசிந்து, அதைச் சுற்றி உடம்பு கட்டிவைக்கிற வீக்கம்தான் கலேசியன்.

அக்கா சொன்ன விரல் சூட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. உறைந்த எண்ணெய் இளகுவதற்குச் சூடு வேண்டும். ஆனால் விரல் சூடு போதாது. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். ஆற ஆற மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, வாரக்கணக்கில். மணிக்கட்டில் வைத்தால் இதமாக இருக்கிற சூடு சரி, அதற்கு மேல் போனால் இமைத் தோல் வெந்துவிடும். நாமக்கட்டி, தைலம், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். கண்ணுக்குள் போனால் புதுசாக ஒரு வியாதி.

ஒத்தடத்துக்குக் கரையாவிட்டால் மரப்பு ஊசி போட்டு, இமையைத் திருப்பி, உள்பக்கமாகக் கீறிச் சுரண்டி எடுப்பார்கள். வெளியே தழும்பு தெரியாது. சிலருக்குக் கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டு. நம்மைப் போலக் கறுத்த தோலில் அது வெள்ளைத் திட்டு விடலாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் விஷயம். எந்தச் சுரப்பியில் கலேசியன் வருகிறதோ அதே சுரப்பியில் புற்றும் பிறக்கும். செபேசியஸ் கார்சினோமா என்று பெயர். மேல் இமையில் சுரப்பி அதிகம் என்பதால் அங்கேதான் அதிகம் வரும். தொடக்கத்தில் வலிக்காது, பார்க்கக் கலேசியன் மாதிரியே இருக்கும். இன்னொரு வேஷமும் போடும்: கட்டியே தெரியாமல் ஒரு கண்ணின் இமை மட்டும் மாதக்கணக்கில் சிவந்து தடித்திருக்கும், சொட்டு மருந்து மாற்றி மாற்றிப் போட்டாலும் ஆறாது. வயதானவர், ஒரே இடத்தில் திரும்ப வருகிறது, மயிர் உதிர்கிறது, ஒரு கண் மட்டும் சிவக்கிறது. இத்தனையும் சேர்ந்திருக்கும்போது, எடுத்த சதையை லேப்புக்கு அனுப்பாமல் வெறுமனே சுரண்டிக் கிண்ணத்தில் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேன்சர் என்று நான் சொல்லவில்லை. லேப்புக்கு அனுப்பாமல் யாராலும் இல்லை என்றும் சொல்ல முடியாது.

மெய்யாலுமா | புதன், காலை 8.10

தைலத்தை நானும் எதிர்த்தேன், ஆனால் இது அதைவிடப் பெரிய பயமுறுத்தல். என் அலுவலகத்தில் பாதிப் பேருக்குக் கலேசியன் வந்து போயிருக்கிறது. எல்லோரும் பயாப்சி (சதைத் துண்டு எடுத்து லேப்பில் பார்ப்பது) எடுத்தால் தனியார் ஆஸ்பத்திரிகள்தான் கொழுக்கும். செபேசியஸ் மிக அரிது என்று நானும் படித்திருக்கிறேன். இமைப் புற்றில் பத்துக்கு ஒன்பது பேசல் செல் என்கிற தோல் புற்றாம், செபேசியஸ் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரைதானாம்.

தாதியம்மா | புதன், காலை 9.02

தம்பி, பாதி சரி. இருபது முப்பது வயதில் முதல் தடவை வருகிற சாதாரணக் கலேசியனுக்கு யாரும் பயாப்சி கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம்.

நீங்கள் படித்த கணக்கு வெள்ளைக்காரர்களுடையது. இந்தியாவில் கண் மருத்துவமனைகள் வெளியிட்ட தொகுப்புகளை எடுத்துப் பாருங்கள். இமைப் புற்றில் செபேசியஸின் பங்கு பல மடங்கு பெரியது, சில இடங்களில் அதுவே முதலிடம். சிங்கப்பூரில் பேசல் செல்தான் அதிகம் என்றாலும், அங்கேயும் செபேசியஸ் மேல்நாட்டு அளவை மிஞ்சி நிற்கிறது. நம் சனத்துக்கு "மிக அரிது" என்ற வார்த்தையை அப்படியே எடுத்துப் போட முடியாது.

காசு விஷயம்: இதற்குத் தனியார் ஆஸ்பத்திரியே தேவையில்லை. கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் செலவு ரொம்பக் குறைவு, அவர்கள் எழுதித் தருகிற கடிதத்தோடு போனால் அரசாங்க நிபுணர் கிளினிக்கிலும் அப்படித்தான். பட்டர்வொர்த் என்றால் பினாங்கு பொது மருத்துவமனையின் கண் பிரிவுக்கு எழுதச் சொல்லுங்கள். கடிதத்தில் வெறும் "கெத்துலான்" (மலாயில் கட்டி) என்று இருந்தால் வரிசையில் கடைசியில் போய் நிற்கும். அதே இடத்தில் திரும்ப வந்தது, மயிர் உதிர்ந்தது, புற்று என்ற சந்தேகம், இந்த மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் தேதி கொடுப்பார்கள்.

இரத்தம் உறையாத மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பெயரை மட்டும் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அவர்கள் முடிவு செய்வார்கள்.

செந்தூல்காரன் | புதன், மதியம் 1.17

எங்கள் அப்பாவுக்கு வந்தது மேலே சொன்ன பேசல் செல். யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

அவர் இளம் வயதிலிருந்து சாலை வேலை, அப்புறம் லாரி. வெயில்தான் வாழ்க்கை. இடது கீழ் இமையில், மூக்குப் பக்க மூலையில், கறுப்பாக ஒரு பொட்டு. மச்சம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். மச்சம் என்றால் அது பாட்டுக்குக் கிடக்க வேண்டும். இது நடுவில் லேசாகக் குழிந்து, பொருக்குக் கட்டி, முகம் துடைக்கும்போது துண்டில் இரத்தப் பொட்டு வைக்கும். காயும், மறுபடி கசியும். வெள்ளைக்காரர்களுக்கு இது பளபளப்பான மேடாக, மேலே மெல்லிய இரத்த நாளம் ஓட, ஓரம் உருண்டு வருமாம். நம் தோலில் பெரும்பாலும் கறுப்பு நிறம் ஏறிக்கொள்வதால் மச்சம் என்று ஏமாந்துவிடுகிறோம் என்று டாக்டர் சொன்னார்.

பேசல் செல் உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது ரொம்ப அபூர்வம். அந்த ஒரு நல்ல செய்தியைப் பிடித்துக்கொண்டு அப்பா வருடக்கணக்கில் தள்ளிப் போட்டார். ஆனால் இருக்கிற இடத்தை அரித்துக்கொண்டே போகும். மூக்கு மூலையில் வந்தால் ஆழமாக வேர் விட்டுக் கண்ணீர்க் குழாய் வழியாகக் கண் குழிக்குள்ளேயே போய்விடும்.

அறுவைச் சிகிச்சையின்போதே ஓரங்களை வெட்டி லேப்புக்கு அனுப்பினார்கள். உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, பெரிதாக்கிப் பார்த்து, "இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது" என்று அங்கிருந்து சொன்னால் இவர்கள் இன்னும் கொஞ்சம் வெட்டுவார்கள். சுத்தம் என்று சொல்லும் வரை மூடுவதில்லை. மோஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1930களில் தொடங்கிவைத்த முறை ஒன்றும் இருக்கிறது. அதில் அறுக்கிற டாக்டரே ஒவ்வொரு அடுக்காகச் சீவி, ஓரம் முழுவதையும் தானே பார்ப்பார். இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்: புற்றை விட்டுவைக்கக் கூடாது, நல்ல இமையை வீணாக்கவும் கூடாது.

எடுத்த பிறகு கீழ் இமையில் பாதிக்கு மேல் இல்லை. மேல் இமையின் உள்பக்கத்திலிருந்து ஒரு துண்டைக் கீழே இழுத்துத் தைத்து, அதன் மேல் வேறு இடத்துத் தோலை வைத்தார்கள். ஹியூஸ் முறையாம். அதனால் அந்தக் கண் சில வாரம் மூடியே இருந்தது. அப்புறம் சின்னதாக இன்னொரு ஆபரேஷனில் பிரித்துவிட்டார்கள். மூடியிருந்த காலத்தில் அப்பா பட்ட எரிச்சலைச் சொல்ல முடியாது. ஒற்றைக் கண்ணோடு லாரியைத் தொடக் கூடாது என்றதும் டாக்டரோடு சண்டை, எங்களோடு சண்டை, கோப்பிக் கடைக்காரனோடு சண்டை. இப்போது பார்த்தால் ஆபரேஷன் செய்த கண் என்றே தெரியாது, கீழ் இமையில் மயிர் மட்டும் இல்லை.

ஆயர்ஈத்தாம்_அக்கா | புதன், மாலை 5.44

சரி, தைலத்தை விடுங்கள். எனக்கே ஒரு சந்தேகம். என் இமை ஓரத்தில் காம்பு வைத்த மாதிரி ஒரு மரு தொங்குகிறது. ரொம்ப வருடமாக இருக்கிறது. தலைமுடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் காய்ந்து விழுந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்_கண்ணாடி | புதன், இரவு 8.20

வேண்டாம் அக்கா. காம்போடு தொங்குவது பெரும்பாலும் பாப்பிலோமா அல்லது சாதாரணத் தோல் மரு, தீங்கில்லாதது. முடியால் கட்டினால் சீழ் பிடிக்கும், பாதி விழுந்து பாதி நிற்கும், என்னவாக இருந்தது என்று பார்ப்பதற்கும் சதை மிஞ்சாது. டாக்டர் மரப்பு ஊசி போட்டுச் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

தீங்கில்லாத வகைகள் நிறைய இருக்கின்றன, அதனால்தான் எல்லோரும் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். தண்ணீர் நிறைந்த கொப்புளம் மாதிரி, வெளிச்சம் ஊடுருவுகிற நீர்க்கட்டி இமை ஓரத்தில் வரும். வியர்வைச் சுரப்பி அடைப்பதால் வருவது அது. வயதானால் பழுப்பாக, ஒட்டிவைத்த மாதிரி ஒரு தடிப்பு வரும். குழந்தைகளுக்கு நடுவில் குழி விழுந்த சின்னச் சின்ன முத்துகள் வந்தால் மொலஸ்கம் என்ற வைரஸ். அது இமை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கண்ணையும் சிவக்க வைக்கும். சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அந்த முத்தை எடுக்கும் வரை கண் தெளியாது. கடையில் ஒரு பையனுக்கு அதைக் கண்டு அனுப்பி வைத்தேன், எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

மாறாமல் இருப்பது பெரும்பாலும் நல்லது. வளர்கிறது, நிறம் மாறுகிறது, புண்ணாகிறது, இரத்தம் வருகிறது, மயிரைத் தின்கிறது என்றால் காட்டுங்கள். வீட்டில் ஒரு சின்ன அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். "வளர்ந்ததா" என்று டாக்டர் கேட்டால் ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை.

செபராங்_பையன் | இரண்டு வாரம் கழித்து, வெள்ளி, மாலை 4.30

எல்லோருக்கும் நன்றி. கடிதத்தில் தாதியம்மா சொன்னபடியே எழுதச் சொன்னேன், தேதி சீக்கிரம் கிடைத்தது. இமையைத் திருப்பிப் பார்த்தார்கள். காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழேயும் விரலால் அழுத்தி நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. பயாப்சி எடுத்தார்கள்.

முடிவு வந்துவிட்டது. செபேசியஸ் கார்சினோமாதான். இமையோடு நிற்கிறது, ஆரம்ப நிலை என்றார்கள். அகலமாக வெட்டி எடுக்க வேண்டுமாம். அதற்கு முன்னால் கண்ணின் வெள்ளைப் பகுதியிலும் இமையின் உள்பக்கத்திலும் அங்கங்கே சின்னச் சின்ன சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். அது எதற்கு? கட்டி ஒரு இடத்தில்தானே இருக்கிறது? அம்மா தைரியமாக இருக்கிறார். அப்பாதான் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

தாதியம்மா | வெள்ளி, இரவு 7.15

ஆரம்ப நிலை என்பது பெரிய விஷயம், தம்பி. கண்டுபிடிக்கத் தாமதமாவதுதான் இந்த நோயில் உயிருக்கு ஆபத்து.

அங்கங்கே சதை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் புற்று கட்டியாக மட்டும் நிற்காது. மேல் படலத்துக்குள் தனித்தனி செல்லாக நடந்து போகும், பேஜெட்டாய்ட் பரவல் என்பார்கள். கட்டிக்கும் அதற்கும் நடுவில் நல்ல தோல் இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வரைபடம் போடுகிற மாதிரிப் பல இடத்தில் துளித்துளியாக எடுத்து, எங்கே இருக்கிறது எங்கே இல்லை என்று குறித்துக்கொள்வார்கள். கண் படலத்தில் லேசாகப் பரவியிருந்தால் குளிரூட்டி அழிப்பதோ, மைட்டோமைசின் சொட்டு மருந்தோ சேர்ப்பார்கள். கண் குழிக்குள் இறங்கிவிட்ட பிறகு வருகிறவர்களுக்குக் கண்ணையே எடுக்க வேண்டி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அம்மா அந்த நிலையில் இல்லை.

லேப் விஷயத்தில் ஒன்று. இந்தச் செல்லுக்குள் கொழுப்பு இருக்கும், அதுதான் அடையாளம். வழக்கமான முறையில் சதையைப் பதப்படுத்தும்போது அந்தக் கொழுப்பு கரைந்துவிடும். அந்தக் காலத்தில் கொழுப்புச் சாயம் போட ஈரச் சதையாகவே தூக்கிக்கொண்டு ஓடுவோம். இப்போது வேறு சாயங்கள் வந்துவிட்டன. ஆனாலும் எதைச் சந்தேகிக்கிறோம் என்று லேப் தாளில் எழுதுவது இன்றும் முக்கியம், வேறு வகைப் புற்று என்று தவறாகப் படிக்க வாய்ப்பு இருக்கிறது.

இமையில் கால் பாகம் வரை போனால் நேராக இழுத்துத் தைத்துவிடலாம். வயதானவர்களுக்குத் தோல் தளர்ந்திருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடப் போனாலும் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிற பொட்டுப் பக்கத்துத் தோலைத் திருப்பிக் கொண்டுவருவார்கள், இல்லையென்றால் கீழ் இமையிலிருந்து எடுத்து மேலே கட்டுவார்கள். கடைசியாகச் சொன்னதில் கண் சில வாரம் மூடியிருக்கும். எது என்று புற்றை எடுத்த பிறகுதான் தெரியும், முன்கூட்டியே வாக்குக் கொடுக்க மாட்டார்கள். மேல் இமைதான் கண்ணை மூடித் திறந்து கருவிழியை ஈரமாக வைப்பது. அதனால் அழகு அப்புறம், கண் மூடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்று, கருப்பைப் புற்று வந்திருக்கிறதா?

செபராங்_பையன் | வெள்ளி, இரவு 8.02

மாமாவுக்கு ஐம்பது வயதுக்குள் பெருங்குடல் புற்று வந்தது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

தாதியம்மா | வெள்ளி, இரவு 8.30

மூயர்-டோர் என்று ஒரு பரம்பரைக் கோளாறு. 1967ல் மூயரும் 1968ல் டோரும் தனித்தனியாக எழுதியது. எண்ணெய்ச் சுரப்பிக் கட்டியும் குடல் மாதிரி உள்ளுறுப்புப் புற்றும் ஒரே ஆளுக்கு, ஒரே குடும்பத்தில் வரும். இமையில் வருகிற எல்லாருக்கும் இது இருக்காது, பெரும்பாலோருக்கு இருக்காது. ஆனால் மாமாவின் கதையை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்காவிட்டாலும். லேப்பில் அதற்கான சோதனை இருக்கிறது. தேவை என்றால் அம்மாவுக்கும் உங்களுக்கும் குடல் பரிசோதனை சொல்வார்கள்.

மெய்யாலுமா | வெள்ளி, இரவு 9.11

தம்பி, அம்மா நலமாக வர வேண்டும். மாமா கதை இங்கே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆபரேஷனுக்கு இரத்தம், வண்டி எது வேண்டுமானாலும் தனிச்செய்தி போடு. நான் பட்டர்வொர்த் பக்கத்தில் பிறை ஊரில்தான் இருக்கிறேன்.

புதுத்தாய்_செராஸ் | ஞாயிறு, காலை 10.05

இழையை நடுவில் திருப்புவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு மூன்று மாதம். பிறந்தபோது மேல் இமையில் லேசான சிவப்பு, இப்போது சிவந்த மேடாகி இமை பாதி இறங்கிவிட்டது. ஒரு வயதில் தானாக மறையும் என்று பக்கத்து வீட்டம்மா சொல்கிறார். காத்திருக்கலாமா?

தாதியம்மா | ஞாயிறு, காலை 10.40

காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே காட்டுங்கள் அம்மா. நீங்கள் சொல்வது இரத்த நாளக் கட்டி மாதிரி இருக்கிறது, ஹிமாஞ்சியோமா. புற்று இல்லை. முதல் சில மாதம் வேகமாக வளர்ந்து, பிறகு வருடக்கணக்கில் மெல்லச் சுருங்கும், ஒரு வயதில் அல்ல. முதுகில் இருந்தால் காத்திருக்கலாம். இமையில் இருந்து பார்வையை மறைத்தால், அல்லது கண் உருண்டையை அழுத்திப் பவர் உண்டாக்கினால், அந்தக் கண்ணைப் பயன்படுத்த மூளை பழகாமலே போய்விடும். கட்டி சுருங்கின பிறகும் அந்தப் பார்வை முழுசாகத் திரும்பாது.

இருதயத்துக்குக் கொடுக்கிற புரோப்ரனலால் இதற்கும் கேட்கிறது என்று 2008ல் பிரான்சில் போர்தோ மருத்துவர்கள் எழுதினார்கள், அதற்குப் பிறகு வைத்தியமே மாறிவிட்டது. குழந்தையின் எடைக்கு ஏற்ப, டாக்டர் பார்வையில்தான் கொடுப்பார்கள். சர்க்கரை குறையக்கூடும் என்பதால் பால் கொடுத்த பிறகுதான் மருந்து. குழந்தை சாப்பிடாத நாளில் என்ன செய்வது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செபராங்_பையன் | ஒரு மாதம் கழித்து, திங்கள், இரவு 9.50

ஆபரேஷன் முடிந்தது. ஓரங்கள் எல்லாம் சுத்தம் என்று லேப் சொல்லிவிட்டது. வரைபட பயாப்சியிலும் பரவல் இல்லை. பொட்டுப் பக்கத்துத் தோலைத் திருப்பித் தைத்தார்கள், கண்ணை மூடி வைக்கத் தேவைப்படவில்லை. இமை இன்னும் வீங்கியிருக்கிறது, ஆனால் முழுசாக மூடுகிறது. இரவில் களிம்பு. சில மாதத்துக்கு ஒரு தடவை நெறி பார்க்க வர வேண்டும், வருடக்கணக்கில். மாமாவின் விஷயத்தைச் சொன்னதால் எடுத்த சதையில் அந்தச் சோதனையையும் கேட்டிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை.

செந்தூல்காரன் | திங்கள், இரவு 10.08

நல்ல செய்தி. அவர்கள் வரச் சொல்கிற தேதிகளை மட்டும் விட்டுவிடாதே தம்பி. எங்கள் அப்பா இரண்டாவது வருடமே "எனக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணவேலை_ஜெலுத்தோங் | செவ்வாய், காலை 7.30

எனக்கும் ஒரு கேள்வி. வயது 38. இரண்டு மேல் இமையிலும் மூக்குப் பக்கம் மஞ்சள் திட்டு. வலி, அரிப்பு ஒன்றும் இல்லை. தங்கை கல்யாணத்துக்கு முன்னால் லேசரில் எடுத்துவிடலாம் என்று ஒரு அழகு நிலையத்தில் சொல்கிறார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_கண்ணாடி | செவ்வாய், மதியம் 12.45

தட்டையாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால் சாந்தலாஸ்மாவாக இருக்கலாம், தோலுக்கடியில் கொழுப்புப் படிவது. ஆபத்தில்லை. வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொலஸ்ட்ரால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கோபன்ஹேகனில் 12,745 பேரை 1970களிலிருந்து தொடர்ந்து கவனித்து 2011ல் வெளியிட்ட ஆய்வில், கொலஸ்ட்ரால் எப்படி இருந்தாலும் இந்தத் திட்டு இருந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று வந்தது. கருவிழியைச் சுற்றி வயதானால் வருகிற வெள்ளை வளையத்துக்கு அந்தச் சம்பந்தம் தெரியவில்லை. ஆகவே லேசருக்கு முன்னால் கிளினிக் கெசிஹாத்தானில் கொலஸ்ட்ரால், சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றும் பாருங்கள்.

எடுப்பது வெட்டியோ, அமிலம் வைத்தோ, லேசரிலோ. எதில் எடுத்தாலும் திரும்ப வரலாம், நம் தோலில் அந்த இடம் கறுத்தோ வெளுத்தோ போகலாம். அழகு நிலையத்தில் கண்ணுக்கு இவ்வளவு பக்கத்தில் லேசர் வைக்க விடாதீர்கள், கருவிழிக்கு உள்கவசம் போட்டுச் செய்கிற டாக்டரிடம் போங்கள். கல்யாணம் எப்போது?

கல்யாணவேலை_ஜெலுத்தோங் | செவ்வாய், மதியம் 1.02

அடுத்த மாதம்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_கண்ணாடி | செவ்வாய், மதியம் 1.10

அப்படியானால் கல்யாணம் முடியட்டும். புண் ஆறி நிறம் சேர மாதக்கணக்கில் ஆகும். இரத்தப் பரிசோதனையை மட்டும் இந்த வாரம் முடித்துவிடுங்கள்.